தறியை நிறுத்தப் பயந்தவன்

ராஜவேலு பயந்த ஆள். ஆரணியில் பட்டு நெய்கிற தெருக்களில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள். நாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான். இடி இடித்தால் தறிக்குழிக்குள் தொங்கவிட்ட காலை மேலே எடுத்துக்கொள்வான். நெசவாளர் சொசைட்டியில் கையெழுத்துப் போடச் சொன்னால் பேனா பிடித்த கை கிடுகிடுவென்று ஆடும். இத்தனைக்கும் ஆள் ஆறடி. "இந்த ஒசரத்த வெச்சிகினு இன்னாத்துக்குப்பா இப்டி நடுங்குற?" என்று அவனைக் கேட்காத ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. சிரித்துக்கொண்டே போய்விடுவான். பதில் சொல்லவும் பயம்தான்.

இதெல்லாம் சில்லறைப் பயம். அவனுடைய பெரிய பயம் ரைஸ் மில். மில்லைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா என்று கேட்கலாம். அவன் அப்பா சின்னக்கண்ணு நல்ல நெசவாளிதான். நாற்பது வயதில் கண் மங்கியது, இழை அறுந்தால் தெரியவில்லை, சேலைக்குச் சேலை பழுது வந்தது. தறி போயிற்று. மனிதர் மில் களத்துக்குப் போனார். அவித்த நெல்லைக் கொட்டிவைத்த சிமெண்டுக் களத்தில், உச்சி வெயிலில், காலால் துழாவிக்கொண்டே நடக்கிற வேலை. பட்டைத் தொட்டே பழகிய மனிதரின் பாதம் ஒரே கோடையில் வெடித்துப் பிளந்துவிட்டது. மத்தியானச் சோறு கொண்டுபோன ராஜவேலு அதைப் பார்த்தான். தறியை விட்டு எழுந்தால் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் களம்தான் என்று அவன் மனதில் அப்போதே விழுந்துவிட்டது. அதற்கப்புறம் யார் சொல்லியும் அது போகவில்லை.

அதனால் எழவே மாட்டான். எழுபத்தொன்றில் சொந்தமாக ஒரு தறி போட்ட நாளிலிருந்து, காலை ஐந்து மணிக்கு அவன் தறிச்சத்தம் கேட்டுத்தான் அடுத்த வீடுகளில் அடுப்பு எரியும். மத்தியானம் சாப்பிடக் கால் மணி நேரம். அதற்குமேல் உட்கார்ந்தால் அவனுக்கே குறுகுறுவென்று இருக்கும். இரண்டு வேட்டி, ஒரு வெள்ளைச் சட்டை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதே சட்டைதான். பீடி கிடையாது, சீட்டு கிடையாது, கொட்டாய்க்குப் போய்ப் படம் பார்த்ததாக யாரும் சொல்லக் கேள்விப்பட்டதில்லை. சும்மா சொல்லக்கூடாது, உழைப்பில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அதை ஆசைப்பட்டுச் செய்தானா, பயந்து செய்தானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவனாலேயே முடியாது.

எழுபத்திநாலில் பெரணமல்லூர்ப் பெண் தெய்வநாயகியைக் கட்டிக்கொண்டான். அவள் நேர் எதிர். வாய் ஓயாது, யாருக்கும் அஞ்சாது. பாவு பிணைப்பதில் அவள் விரலுக்கு ஊரில் பெயர் இருந்தது. தறியில் நீளவாட்டு இழையான பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழை ஒவ்வொன்றின் முனையிலும் புது இழையை வைத்து, சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரம் இழைக்குக் குறையாது. ஒரு வீட்டுக்கு நீங்கள் போய்ப் பிணைத்துக் கொடுத்தால்தான் உங்கள் வீட்டுக்கு அவர்கள் வருவார்கள். அது அங்கே எழுதாத சட்டம். தெய்வநாயகி யார் கூப்பிட்டாலும் போவாள்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துப் பெண் பிறந்தது. படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் ரேணுகாம்பாள் என்று பெயர் வைத்தார்கள். கூப்பிடுவது ரேணு. ராஜவேலு குழந்தையைத் தூக்கவே பயந்தான், கை நழுவிவிடுமோ என்று. மூன்று மாதம் வரை கிட்டப் போய் உட்கார்ந்து பார்த்ததோடு சரி.

அந்தத் தெருவில் தாலாட்டுப் பாட யாருக்கு நேரம் இருக்கிறது? தறிக்குப் பக்கத்திலேயே உத்தரத்தில் தூளி கட்டுவார்கள். தூளியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்து, நெய்கிறவர் குறுக்கே ஓடுகிற ஊடை இழை ஒவ்வொன்றுக்கும் முன்னால் இழுத்து அடிக்கிற பலகையில் முடிந்துவிடுவார்கள். ஒவ்வொரு அடிக்கும் தூளி ஒரு ஆட்டம் ஆடும். இந்த ஆட்டத்திலும் சத்தத்திலும் பழகின பிள்ளை தறி ஓடுகிற வரைக்கும் தூங்கும். தறி நின்றால் பத்து எண்ணுவதற்குள் விழித்துக்கொண்டு ஊரைக் கூட்டும். ரேணுவும் அப்படித்தான். ராஜவேலுவுக்கு இது வெகு சௌகரியம். பிள்ளை தூங்க வேண்டுமென்றால் அவன் நெய்ய வேண்டும். நெய்யத்தானே அவன் பிறந்தது.

எழுபத்தொன்பது ஐப்பசியில் பட்டு முதலாளி பச்சையப்பன் அவனைக் கூப்பிட்டனுப்பினார். போகிற வழியெல்லாம் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே போனான்.

"மெட்ராஸ் பார்ட்டிப்பா. நாலு முகூர்த்தச் சேல. உன் கைதான் வேணும்ன்றாங்க" என்றார் முதலாளி. "கார்த்திக கடைசிக்குள்ள முடிச்சிக் குடுத்துட்டின்னு வெச்சிக்க, தைலேர்ந்து ஆறு தறிக்குப் பட்டும் ஜரிகையும் நான் போடறேன். ஆள வெச்சி நீ ஓட்டு. ஒரு நாள் தள்ளிச்சின்னா சேவூர்க்காரன் ரெடியா கீறான்."

ஆறு தறி. ஆறு தறி வைத்தவன் மில் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் தெய்வநாயகி மெழுகின தரையில் விரலால் கோடு போட்டு, ஆறு குழியும் எங்கெங்கே வரும் என்று காட்டினாள். பின்னால் இருக்கிற மாட்டுக் கொட்டகையைத் தள்ளிவிடலாம் என்றாள். அவனைவிட அவளுக்குத்தான் கண் பளபளத்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பறந்தார்கள்.

மூன்று சேலை இறங்கிவிட்டது. நாலாவது தறியில் இருந்தது. கார்த்திகை முடிய ஐந்து நாள்தான் பாக்கி. முந்தானை முழுக்க ஜரிகை வேலை. அவசரப்பட்டால் கெட்டது. மழை வேறு விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அன்றைக்குக் காலையில் ரேணுவுக்கு உடம்பு சுட்டது. முந்தின நாளே லேசாகக் கதகதப்பு இருந்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு சீசா வாங்கி வைத்திருந்தார்கள்.

தெய்வநாயகி சேவூரில் ஒரு வீட்டில் பாவு பிணைக்க வாக்குக் கொடுத்திருந்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்து, தூளியில் போட்டு, வாசல்படியில் நின்று சொன்னாள்.

"இன்னாங்க, பத்து மணிக்கு அரை சங்கு மருந்து குடுங்க. மறந்துடாதீங்க. தறிய நிறுத்திட்டு எழுந்து தொட்டுப் பாருங்க. நான் மத்தியானத்துக்குள்ள வந்துட்றேன்."

"சரி, நீ போ" என்றான் ராஜவேலு. அவள் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அப்போது ஏழு மணி.

அவன் மறுபடி தறியில் உட்கார்ந்தான். ரேணு கொஞ்ச நேரம் சிணுங்கினாள், அப்புறம் அடங்கிவிட்டாள். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்ததால் பல்பைப் போட்டுக்கொண்டான். முந்தானையில் வரிசையாக ஜரிகை மாங்காய் உரு வந்துகொண்டிருந்தது. ஒரு இழை தப்பினாலும் மாங்காய் கோணும். எட்டு மணி, ஒன்பது மணி போனதே தெரியவில்லை.

பத்து மணிக்கு மில் சங்கு ஊதியது. ராஜவேலுவுக்கு மருந்து ஞாபகம் வந்தது. கை தானாக ஓடிக்கொண்டிருந்தது. எழுந்தால் தறி நிற்கும், நின்றால் பிள்ளை விழித்துக்கொள்ளும், விழித்தால் மருந்தைப் பார்த்துக் கத்தும், கத்தினால் சமாதானப்படுத்த ஒரு மணி நேரம். ஜுரத்துக்குத் தூக்கத்தை விட மருந்து உண்டா? இந்த மாங்காய் வரிசை முடியட்டும், எழுந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். வரிசை முடிந்தது. அடுத்ததை ஆரம்பித்துவிட்டான். இதைச் சொல்லும்போதே அவனை நாலு அறை அறையலாம் போல வருகிறது. ஆனால் அவனைப் போய் அறைய என்ன இருக்கிறது, அவன் பட்டதை விட.

பதினொரு மணி வாக்கில் ஒன்று உறைத்தது. பிள்ளை பாலுக்குக்கூட எழவில்லை. எந்த நாளும் ஒன்பதரைக்கு ஒரு தரம் தறி ஓடினாலும் சரி, நின்றாலும் சரி, வயிறு பசித்து விழித்துக்கொள்ளும். இன்றைக்கு ஒரு முக்கல்கூட இல்லை. திரும்பித் தூளியைப் பார்த்தான். தூளி ஒவ்வொரு அடிக்கும் ஆடிக்கொண்டிருந்தது. துணிக்குள்ளே ஒரு சின்னக் கால் தெரிந்தது. அந்தக் கால் தூளி ஆடுகிறபடி ஆடியது, தானாக ஆடவில்லை.

தறியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அழ வேண்டும். அழுதால் நல்லது. அழாவிட்டால்?

அந்த அழாவிட்டால் என்ற இடத்துக்கு அப்பால் அவன் மனம் போக மறுத்துவிட்டது. தறி ஓடுகிற வரைக்கும் பிள்ளை தூங்குகிறது. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படியானால் தறி நிற்காமல் இருந்தால் போதும். சிரிக்க வேண்டாம். பயந்தவனுக்கு அந்த நேரத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். ராஜவேலு நெய்தான். முன்பெல்லாம் மில்லுக்குப் பயந்து நெய்தவன், இப்போது தன் பிள்ளையின் தூளிக்குப் பயந்து நெய்தான். ஊடை இழையைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவில் இருந்த பட்டு தீர்ந்தபோது தறி நிற்கப் பார்த்தது. இடது கையால் தூளிக் கயிற்றை இழுத்து ஆட்டிக்கொண்டே வலது கையால் பட்டு சுற்றிய வேறு தார் மாற்றிப் போட்டான். நெற்றி வியர்வை சேலை மேல் சொட்டியது. பட்டில் வியர்வை பட்டால் கறை விழும். அன்றைக்கு அதைக்கூட அவன் துடைக்கவில்லை.

மாங்காய் கோண ஆரம்பித்தது. கண்ணில் நீர் மறைத்தது. படவேட்டு அம்மா, அழ வை, அழ வை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே மிதித்தான். கை கேட்கவில்லை. பன்னிரண்டரைக்கு நாடா தவறித் தரையில் விழுந்து உருண்டது. தறி நின்றது.

ஒன்று, இரண்டு என்று எண்ணினான். தூளி இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. ஓட்டில் மழை விழுகிற சத்தம் கேட்டது. ஏழு, எட்டு. பத்தைத் தாண்டினான். இருபதைத் தாண்டினான். குழியிலிருந்து எழ முயன்றான். கால் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, அதுவும் அவன் மூச்சு.

அடுத்த வீட்டு லீலா வாசலுக்கு வந்துவிட்டாள். அவளும் நெசவு வீட்டுப் பெண்தான், தறி சும்மா நிற்காது என்று தெரியும்.

"இன்னாண்ணா, தறி நின்னு போச்சி? கொயந்த சத்தத்தயும் காணோம்?"

கையைத் தூளிப் பக்கம் காட்டினான். லீலா துணியை விலக்கிப் பார்த்தவள் அப்படியே பிள்ளையை வாரி எடுத்தாள். ரேணுவின் கண் பாதி திறந்து வெள்ளை மட்டும் தெரிந்தது. வாயோரம் நுரை. ஒரு பக்கக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

"உசுரு கீது ண்ணா. உசுரு கீது. எழுந்து வாங்க ஜல்தியா" என்று லீலா அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். உயிர் இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் அவனுக்குக் கால் வந்தது.

சட்டை போடாமல், மேல்துண்டில் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு மழையில் ஓடினான், லீலாவும் பின்னால் ஓடினாள். கோட்டை மைதானத்துப் பக்கம் இருந்த டாக்டர் தொட்டுப் பார்த்து ஒரு ஊசி போட்டார். இழுப்பு நின்றது, கண் திறக்கவில்லை. "இங்க வெச்சிகினு இருக்கக்கூடாதுப்பா. இப்பவே வேலூருக்குத் தூக்கிகினு போ" என்றார். தெய்வநாயகிக்குச் சொல்லச் சொல்லி லீலாவை அனுப்பிவிட்டு பஸ் ஏறினான். நாயைப் பார்த்து ஒதுங்குகிற மனிதன், பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்தப் பஸ் பயணத்தை அவன் வாழ்நாள் முழுக்கச் சுமந்தான். பஸ் ஓடும்போது குழந்தை மடியில் ஆடியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்கும், ராஜவேலு குனிந்து முகத்தைப் பார்ப்பான். நின்றால் அழுமே என்கிற பழைய கணக்கு மனதை விட்டுப் போகவில்லை. கண்ணமங்கலத்தில் ஐந்து நிமிஷம் நின்றது. குழந்தை மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் பிள்ளைக்கு வைத்திருந்த போர்வையை அவிழ்த்துக் கொடுத்தாள். அவள் என்ன கேட்டாளோ, அவன் என்ன சொன்னானோ, எதுவும் நினைவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கிக்கொண்ட டாக்டரம்மா கண்ணை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். அவனைப் பார்க்காமலே கேட்டார்.

"எவ்ளோ நேரமா இப்டி இருக்கு?"

ராஜவேலு சுற்றிப் பார்த்தான். வெள்ளைக் கோட்டு, இரும்புக் கட்டில், சுற்றிலும் நர்சுகள். காலையிலிருந்து என்று சொன்னால், காலையிலிருந்து நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். நெய்துகொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

"பஸ் ஏறறதுக்கு அர மணி முன்னாலம்மா. அப்பதான் இழுத்திச்சி" என்றான்.

டாக்டரம்மா தலையசைத்தார். "ஜுரம் ஏறினதுல வந்த வலிப்பா இருக்கும். சூடு தணிஞ்சா முழிச்சிக்கும். வெளில உக்காருங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். ஈரத்துண்டு வைத்துத் துடைக்கிறார்கள் என்று கதவுச் சந்து வழியாகத் தெரிந்தது. முழித்துக்கொள்ளும் என்றார்களே, முழித்துக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஆனால் அரை மணி நேரம் என்று சொன்னது யார்? அவன் அல்லவா. அரை மணிக்கு ஒரு வைத்தியம் இருந்தால், ஆறு மணி நேரத்துக்கு வேறு வைத்தியம் இருக்காதா? காலையில் தறியை நிறுத்தப் பயந்தான். இப்போது வாயைத் திறக்கப் பயப்படுகிறான். அங்கே செய்ததையே இங்கேயும் செய்துகொண்டிருக்கிறான். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தானோ தெரியாது. தெய்வநாயகி தலைமுடி அவிழ, சேலையெல்லாம் சேறாக, வராந்தாவில் ஓடி வந்தாள்.

"எங்கங்க? கொயந்த எங்க?"

அவன் எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அவளும் பின்னாலேயே வந்தாள். நர்சு தடுத்ததை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"டாக்டரம்மா, நான் சொன்னது பொய். அர மணி இல்ல. காலையில ஏழு மணிக்குப் பால் குடிச்சிது. அதுக்கப்புறம் கண்ணத் தொறக்கல. பத்து மணி மருந்தும் நான் குடுக்கல. தெரிஞ்சிதும்மா எனக்கு. பதினோரு மணிக்கே தெரிஞ்சிது. தறிய நிறுத்தினா அழாமப் பூடுமோன்னு பயந்துகினு நெய்ஞ்சிகினே இருந்தேன்."

இவ்வளவு நீளமாக அவன் எந்த அதிகாரியிடமும் அதுவரை பேசியதில்லை. பக்கத்தில் தெய்வநாயகி நிற்கிறாள் என்று தெரிந்தேதான் சொன்னான். டாக்டரம்மா ஒரு நொடி அவனை முறைத்துப் பார்த்தார். திட்டவில்லை. நர்சுகளைக் கூப்பிட்டு மளமளவென்று ஏதோ சொன்னார். குழந்தையைக் குப்புறத் திருப்பி, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். மருந்து மாறியது. "இத இப்பவாவது சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார்.

மூன்று நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். மூன்று நாளும் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் ஓயாத தெய்வநாயகி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் மருந்து கொடுக்கவில்லை என்று கேட்கவில்லை. அடிக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. ராஜவேலு அதற்குத்தான் காத்திருந்தான். திட்டிவிட்டால் தேவலை போலிருந்தது. நாலாம் நாள் காலையில் உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு அழுகைச் சத்தம் வந்தது. எந்தக் குழந்தை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றான். தெய்வநாயகிதான் ஓடினாள்.

ரேணு பிழைத்துக்கொண்டாள். இடது கால் மட்டும் கொஞ்சம் வலுக்குறைந்துவிட்டது. நடக்கப் பழகியபோது அந்தப் பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. அவர்கள் ஆரணிக்குத் திரும்பியபோது கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்திருந்தது. பச்சையப்பன் நல்ல மனிதர், ஆள் அனுப்பி விசாரித்தார். தை மாதம் அவரே வந்து, ஆறு வேண்டாம், நாலு தறியாவது ஓட்டேன் என்றார். ராஜவேலு கையெடுத்துக் கும்பிட்டான். "எனுக்கு ஒண்ணு போதுங்க, மொதலாளி. ஒண்ண நிறுத்தவே நான் பட்ட பாடு போதும்" என்றான். அந்த வாய்ப்பு அதே தெருவில் முருகேசனுக்குப் போயிற்று. முருகேசன் எண்பத்திரண்டில் மாடி எடுத்தான், எண்பத்திநாலில் ஸ்கூட்டர் வாங்கினான். இதைச் சொல்லிச் சொல்லி ராஜவேலுவை நோண்டாதவர்கள் இல்லை. அவன் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே போனான்.

ஒரு தறியில் மூன்று பேர் சாப்பிட முடியுமா என்றால், முடிந்தது. கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார்கள். அவன் மட்டும் மாறிவிட்டான். மணிக்கொரு தரம் தறியை நிறுத்திவிட்டு எழுந்துபோய் ரேணுவைப் பார்ப்பான். அவள் விளையாடிக்கொண்டிருந்தாலும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகும் விடவில்லை. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடந்துபோய், ஜன்னல் பக்கத்தில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவான். "இன்னா சார், பொண்ணு ஓடியா பூடும்?" என்று டீச்சர் கேலி செய்தாள். ரேணுவுக்கே வெட்கமாகிவிட்டது.

தெய்வநாயகி பழையபடி பேசினாள். சண்டை போட்டாள், சிரித்தாள், கடைத்தெருவில் பேரம் பேசினாள். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. ராஜவேலுவுக்கு இப்போது இதுதான் பெரிய பயம். மில்லெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவள் "இன்னாங்க" என்று ஆரம்பித்தால் அவன் நாடாவைக் கீழே வைத்துவிடுவான். இதோ கேட்கப்போகிறாள் என்று நினைப்பான். அரிசி தீர்ந்துவிட்டது என்பாள், இல்லை ஓடு ஒழுகுகிறது என்பாள். ஏழு வருஷம் இப்படியே ஓடியது. மனதுக்குள் வெறுத்துக்கொண்டு ஒருத்தி தினமும் சோறு போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஒருவன் ஏழு வருஷம் சாப்பிட்டான் என்றால் யோசித்துப் பாருங்கள்.

எண்பத்தாறு கார்த்திகையில் ஒரு நாள் வீட்டிலேயே பாவு பிணைக்க வேண்டியிருந்தது. தெய்வநாயகி தறிமுன் உட்கார்ந்து இழை இழையாக முறுக்கிக்கொண்டிருந்தாள். மணி மூன்று ஆயிற்று. ராஜவேலு சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினான்.

"இன்னாங்க" என்றாள்.

அவன் வாசலிலேயே நின்றான். "இன்னா?"

"உக்காருங்க. தெனமும் போயி அவள இன்னாத்துக்குப் பாக்கறீங்க? போகத் தேவையில்ல." இழையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவன் உட்கார்ந்தான்.

"அன்னிக்கி சேவூர்ல பத்து மணிக்கெல்லாம் பாதி பாவு முடிஞ்சி போச்சி. கொயந்தைக்கு ஜுரம்னு சொன்னேன். அந்த வீட்டம்மா, நீ கெளம்பு தாயி, மீதிய நாங்க பாத்துக்கறோம்னாங்க. பஸ்சும் தெருமுனைல நின்னிகினு இருந்திச்சி." அவள் விரல் நின்றுவிட்டது. "நான் போகல. முடிச்சிட்டே போறேன்னு உக்காந்துட்டேன். தைலேர்ந்து நம்ம ஆறு தறிக்கும் பாவு பிணைக்க அவங்கதான வரணும். நல்ல பேரு எடுக்கணும்னு உக்காந்துட்டேன். அந்த பஸ்ச புடிச்சிருந்தா பத்தரைக்கு நான் வீட்டுல."

ராஜவேலுவுக்கு முதலில் வந்தது கோபம். ஏழு வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை தரம் செத்தான் என்று இவளுக்குத் தெரியுமா?

"அப்பவே சொல்லக்கூடாதா நீ?"

"நீங்க டாக்டரம்மா எதிர்ல, நர்சுங்க எதிர்ல, என் எதிர்ல எல்லாத்தயும் சொல்லிட்டீங்க. நான் பின்னால நின்னுகினு கேட்டுகினு இருந்தேன். நானும் சொல்லணும்னு வாயத் தொறந்தேன். வரல. அப்பறம் நாளாக நாளாக வரவே இல்ல." அவள் சாம்பல் ஒட்டின கையால் முகத்தைத் துடைத்தாள். கன்னமெல்லாம் சாம்பலாயிற்று. "பயமா இருந்திச்சிங்க."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. யாருக்கும் அஞ்சாதவள் என்றல்லவா ஊரே சொன்னது, அவனும் நம்பியிருந்தான்.

"எத்தன நாளா?" என்று கேட்டான்.

"உங்களுக்கு எத்தன நாளோ அத்தன நாளா."

மாட்டிய சட்டையைக் கழற்றி ஆணியில் போட்டுவிட்டு, அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். பாவு பிணைப்பது அவனுக்குச் சரியாக வராது. அவன் கைக்கு அது பழக்கமில்லை. முதல் இழையே அறுந்தது. அவள் வாங்கிச் சேர்த்துக் கொடுத்துவிட்டு அழுதாள். அவன் அடுத்த இழையை எடுத்தான். நாலேகால் மணிக்கு ரேணு புத்தகப் பையோடு தானாக நடந்து வீட்டுக்கு வந்தாள். தெருவில் அவள் இடது செருப்பு தேய்கிற சத்தம் கேட்டபோது இரண்டு பேரும் ஒன்றாகத் தலை நிமிர்ந்தார்கள்.